கியர்பொக்ஸை இறக்கச் சொல்பவர்

கியர்பொக்ஸை இறக்கச் சொல்பவர் என்று ஓர் இனம் சப்ரகமுவ மாகாணத்தின் மலைப்பாதைகளில் செழித்து வாழ்கிறது. மழை அதிகம், ஏற்றம் அதிகம், வாகனங்கள் எல்லாம் பழசு. ஆகவே இவர்களுக்குத் தீனிக்குக் குறைவில்லை. எழுபதுகளில் அரிசிக்குப் பஞ்சம் வந்தது, மாவுக்கு வந்தது, டயருக்கு வந்தது. இவர்களுக்கு மட்டும் வரவேயில்லை. வெளிநாட்டுச் சாமான் அத்தனையையும் நிறுத்திய அரசாங்கம் இவர்களை நிறுத்த மறந்துவிட்டது. உள்ளூர் உற்பத்திதானே என்று விட்டிருக்கலாம்.

அடையாளம் காண்பது சுலபம். றக்வானை ஏற்றத்தில் ஒரு லொறி மூச்சுவாங்கி நின்றால், டிரைவர் கீழே கால் வைப்பதற்கு முன்னால் அதன் பக்கத்தில் வந்து நிற்பவர் யாரோ, அவர்தான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருக்கும். கறைபடும் வேலைக்கு அவற்றை முன்னால் கொண்டுவரும் வழக்கம் இந்த இனத்துக்குக் கிடையாது. வேலை முழுவதும் காதுக்குத்தான். தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, "ஸ்டார்ட் பண்ணு" என்பார். "ஓஃப் பண்ணு" என்பார். "திரும்ப ஸ்டார்ட் பண்ணு" என்பார். பிறகு ஒரு மௌனம். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்கள்கூட அந்த மௌனத்தை இவரிடம்தான் படித்திருக்க வேண்டும். கடைசியில், "இதைக் கடைசியா யாரு தொட்டது?" என்று ஒரு கேள்வி. நீங்கள் எந்த மெக்கானிக்கின் பெயரைச் சொன்னாலும் சரி, ஒரு சிரிப்பு வரும். "அதானே பாத்தேன்!"

அடுத்தது எண்ணெய்ச் சோதனை. வண்டிக்கு அடியில் சொட்டும் எண்ணெயை யாராவது ஒருவர் விரலால் தொட்டு இவருடைய மூக்கருகே நீட்ட வேண்டும். தொடுகிறவர் வேறு, முகர்கிறவர் வேறு. அந்தத் தொழிற்பிரிவில் இவர் மிகவும் கண்டிப்பானவர். முகர்ந்தபின் தீர்ப்பு: "கியர்பொக்ஸை இறக்கணும்."

பிரேக் பிடிக்காவிட்டாலும் கியர்பொக்ஸை இறக்க வேண்டும். ஹோர்ன் அடிக்காவிட்டாலும் இறக்க வேண்டும். பெற்றோல் தீர்ந்து நின்ற ஒரு வேனுக்கும் இதே வைத்தியம் சொல்லப்பட்டதை நான் என் இரண்டு காதாலும் கேட்டிருக்கிறேன். ஏன் கியர்பொக்ஸ்? யோசித்துப் பாருங்கள். பெல்ட் அறுந்தது என்று சொன்னால், எட்டிப் பார்த்து, "அறுந்துபோகலையே" என்று எவனாவது சொல்லிவிடுவான். கியர்பொக்ஸ் அப்படியா? அது அடியில், இருட்டில், ஆள் கண்படாமல் கிடக்கிறது. அதை இறக்கி முடிப்பதற்குள் இறக்கினவனுக்கு இடுப்பு ஒடிந்துவிடும். ஒடிந்த இடுப்போடு எவன் எதிர்க்கேள்வி கேட்கப் போகிறான்?

எங்கள் புளத்கொகுபிட்டியவில் இந்த இனத்தின் தலைசிறந்த பிரதிநிதி குமாரவேல். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே சவர்க்காரம், விளக்குச் சிமிலி, சீப்பு, கண்ணாடி விற்கும் கடை. கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் முழங்கை நீளத்துக்கு ஒரு ஸ்க்ரூட்ரைவர் எப்போதும் இருக்கும். அது இதுவரை ஓர் ஆணியையும் திருகியதில்லை. அதன் நுனியை எஞ்சினில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்துக் கேட்பதற்காக மட்டுமே அது பிறந்தது. "நான் தொரைமாரோட ஜீப்போட பொழங்கின ஆளு" என்பார். பொய்யில்லை. ஒரு பெரிய துரையின் ஜீப் சூடேறி அவர் கடை வாசலில் நின்றபோது, ரேடியேட்டருக்கு ஒரு வாளி தண்ணீர் கொடுத்தவர் அவர்தான்.

எழுபத்து நாலாம் வருஷம், மழைக்காலம். பளீலின் ஜீப் மலையிலிருந்து இறங்கி வந்தது. சண்டைக்கு வந்து, சண்டை முடிந்ததும் ஏலத்தில் போன ஜீப் அது. ஹிட்லர் போய்ச் சேர்ந்துவிட்டான், அது இன்னும் ரப்பர் தோட்டங்களுக்கு அரிசியும் பருப்பும் ஏற்றிக்கொண்டிருந்தது. பஸ் ஏறாத தோட்டப் பாதைகளில் சனங்களுக்கு அதுவும் பளீலும்தான் துணை. சேற்றில் போகும்போது முன் சக்கரங்களும் சேர்ந்து இழுப்பதற்காக அதில் ஒரு சின்ன லீவர் உண்டு. அதைப் போட்டால் நாலு சக்கரமும் இழுக்கும். எடுத்துவிட்டால் பின் சக்கரங்கள் மட்டும். தார் ரோட்டுக்கு வந்ததும் பளீல் அதை எடுத்துவிடுவது வழக்கம். அன்று எடுக்கவில்லை. ஏனென்றால் போன கிழமை குமாரவேல் கடை வாசலில் நின்று உபதேசித்திருந்தார்: "ஏன்டா தம்பி எடுக்குற? மழையில தாரும் வழுக்கும். நாலும் இழுக்கட்டும். நாலு பேரு தூக்குற பாடையும் ரெண்டு பேரு தூக்குற பாடையும் ஒண்ணாடா?" உவமை மங்களகரமாக இல்லாவிட்டாலும் பளீலுக்கு நியாயமாகப் பட்டது.

அன்று ஜீப்பில் ஒரே ஒரு சவாரி. அன்னலட்சுமி, மேல் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவள். மடியில் வாழைச் சருகில் பொதிந்த கித்துல் மரத்துக் கருப்பட்டி. அவளுடைய அக்கா இராஜம் அட்டன் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். தோட்டத்துச் சனங்களை இரண்டு அரசாங்கங்களும் பங்கு போட்டுக்கொண்டதில், அவள் குடும்பத்துக்கு இந்தியா என்று எழுத்து வந்துவிட்டது, அன்னலட்சுமி குடும்பத்துக்கு இலங்கை. அக்கா ஏறிய கோச்சி, ரயிலைத்தான் எங்கள் பக்கம் கோச்சி என்கிறோம், தலைமன்னாருக்குப் போகும் வழியில் அன்று பின்னேரம் ரம்புக்கனையில் கொஞ்ச நேரம் நிற்கும். மலையடிவார ஸ்டேஷன், எல்லாக் கோச்சியும் நிற்கும். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பதாக அக்கா ஆள் மூலம் சொல்லியனுப்பியிருந்தாள். கப்பல் ஏறினால் அவ்வளவுதான். இந்தப் பிறவியில் இன்னொரு தடவை இல்லை. நேரமெல்லாம் தாராளமாக இருந்தது. அன்னலட்சுமி காலையிலேயே புறப்பட்டிருந்தாள்.

கடைத்தெருவுக்குள் நுழையும்போது ஜீப்பின் அடியிலிருந்து ஒரு முனகல். வளைவில் திருப்பினால் கடக், கடக் என்று ஒரு சத்தம். ஸ்டியரிங் மரக்கட்டைபோல இறுகிக் கிடந்தது. சின்ன லீவரோ சிமெந்து பூசினதுபோல அசையவில்லை. வாசகரே, இந்த இடத்தில் உங்களுக்கு ஏதாவது தோன்றினால், தயவுசெய்து உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பேசலாம்.

சிமிலி துடைத்துக்கொண்டிருந்த குமாரவேலின் காது நிமிர்ந்தது.

"பளீல் தம்பி! நிப்பாட்டு! ஓஃப் பண்ணு!"

"என்ன அண்ணே?"

"காதுல பஞ்சு வச்சிருக்கியா? எமன் கூப்புடுறான், கேக்கலையா ஒனக்கு?"

"சத்தம் கேக்குதுதான் அண்ணே. லீவரும் வருதில்ல. ஆனா வண்டி ஓடுது. இந்த அக்காவ ரம்புக்கனையில கோச்சிக்கு உடணும். போய் வந்து பாப்போம்."

"போய் வந்து பாப்பியா? வந்தாத்தானடா பாக்குறதுக்கு!"

கூட்டம் சிரித்தது. கூட்டம் எப்போது சேர்ந்தது என்று கேட்காதீர்கள். எங்கள் ஊரில் ஒரு பொனட் திறக்கும் சத்தத்துக்குச் சேரும் கூட்டம் கோயில் மணிக்குச் சேராது. ஸ்க்ரூட்ரைவர் வந்தது. நுனி அடியில் ஊன்றப்பட்டது, பிடி காதுக்குப் போனது, ஒரு கண் மூடியது. எண்ணெய் தொடப்பட்டது, முகரப்பட்டது. மௌனம் அனுஷ்டிக்கப்பட்டது.

"கியர்பொக்ஸை இறக்கணும்."

அன்னலட்சுமி ஜீப்பிலிருந்து தலையை நீட்டினாள். "அண்ணே, ரொம்ப நேரமாகுங்களா?"

"அரை மணி நேரம்மா."

இந்த இனத்தின் கணக்கில் காலத்துக்கு ஒரே அளவுதான் உண்டு, அரை மணி. வீடு கட்டுவதும் அரை மணி, குடல்வால் எடுப்பதும் அரை மணி, உலகத்தைப் படைக்கிற வேலையை இவரிடம் கொடுத்திருந்தாலும் வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அரை மணி என்றுதான் சொல்லியிருப்பார்.

அப்போதுதான் கேகாலை பஸ் வந்தது. கேகாலையில் இறங்கினால் ரம்புக்கனைக்கு வேறு பஸ் இருக்கிறது. கண்டக்டர் மிதிபலகையில் தொங்கியபடி, "நங்கி, நகினவாத?" என்றான். தங்கச்சி, ஏறுகிறாயா என்று கேட்கிறான். அன்னலட்சுமி கருப்பட்டியை அணைத்துக்கொண்டு இறங்கி ஓடி, ஒரு காலை மிதிபலகையில் வைத்துவிட்டாள்.

"எங்கம்மா ஏறுற?" என்றார் குமாரவேல். "கேகாலையில எறங்கி, இன்னொரு பஸ்ஸைத் தேடி, அது வந்தாலும் வரும், வராட்டிப் போகும்... தனியா ஒரு பொம்பள செய்யிற காரியமா இது? ஜீப்பு ரெடியானதும் நானே கூட வந்து ஒன்ன ஸ்டேசன்ல விடுறேன். எறங்கு."

அன்னலட்சுமி பளீலைப் பார்த்தாள். பளீல் குமாரவேலைப் பார்த்தான். கூட்டம் மூவரையும் பார்த்தது. கண்டக்டர் கொஞ்சம் பொறுத்தான், நல்ல மனுஷன். அவள் காலை எடுத்தாள். மணி அடித்தது. பஸ் போய்விட்டது.

பளீல் சாக்கு விரித்து அடியில் படுத்தான். முன் சக்கரங்களுக்குப் போகிற நீளத் தண்டை முதலில் கழற்ற வேண்டும். அதன் ஆணிகள் ஏதோ கோபத்தில் இருப்பதுபோல் இறுகியிருந்தன. கடைசி ஆணி வெளியே வந்ததுதான் தாமதம், டங்கென்று அந்தத் தண்டு துள்ளித் திரும்பியது. பளீல் தலையை இழுத்துக்கொண்டான். பிறகு ஏதோ சந்தேகத்தில் எழும்பி, உள்ளே கையை விட்டு லீவரைத் தொட்டான்.

"அண்ணே! லீவர் இப்ப லேசா வருது அண்ணே! வெண்ணெ மாதிரி!"

"வரும். ஏன் வராது? உள்ளுக்குப் பல்லெல்லாம் உதுந்துபோனா வாய் லேசாத்தான் தெறக்கும்."

"இப்புடியே பூட்டிட்டுப் போய்ட்டு வரட்டா?"

"பாதியில விட்டுட்டு எந்திரிச்சுப் போறதுக்கு இதென்ன சவரமாடா?"

மறுபடியும் சிரிப்பு. வண்டி குணமாகிவிட்டது என்று வண்டியே எழுந்து சொன்னதற்குச் சமம் அது. யார் கேட்டார்கள்? நோய் போய்விட்டது என்பதற்காக ஒப்பரேஷனை நிறுத்துகிறவர் அரைகுறை வைத்தியர். குமாரவேல் முழு வைத்தியர். கியர்பொக்ஸ் இறங்கியது. ஜீப்பின் வயிறு காலியானது. பளீலின் முகம் கரியும் எண்ணெயுமாக, யாருடைய பிள்ளை என்று தெரியாதபடி ஆனது. மூடியைக் கழற்றிப் பார்த்தால், பற்கள் எல்லாம் வரிசையாக, கல்யாண மாப்பிள்ளை பல்லுப்போலப் பளபளவென்று சிரித்தன.

"ஒண்டுமே ஆகல்லியே அண்ணே."

"ஆகல்ல. கேகாலை ஏத்தத்துல ஆகியிருக்கும். நேரத்துக்கு இறக்கினபடியா தப்பிச்சுது. எனக்கு நன்றிகூடச் சொல்ல வேணாம்."

யாரும் சொல்லவில்லை.

இனி ஏற்ற வேண்டும். கழற்றும்போது மூடிக்கு அடியிலிருந்த தடித்த காகிதம் கிழிந்துபோயிருந்தது. அது இல்லாவிட்டால் எண்ணெய் நிற்காது. அந்தக் காகிதம் அப்போது நாட்டிலேயே கிடையாது. குமாரவேல் தயங்கவில்லை, கடைச் சுவரில் தொங்கிய கலண்டர் அட்டையைக் கொடுத்துதவினார். அதிலிருந்த லட்சுமியின் தலைக்குப் பின்னாலுள்ள ஒளிவட்டம் அளவுக்கு ஏறக்குறையச் சரியாக இருந்தது. வெட்டினார்கள். வைத்தார்கள். பொருந்தவில்லை. திரும்ப வெட்டினார்கள். அன்னலட்சுமி கடை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கருப்பட்டிப் பொதிக்கு எறும்பு வழி கண்டுபிடித்துவிட்டது. அவள் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இன்னும் எவ்வளவு நேரங்க?"

"அரை மணிம்மா."

பூட்டி முடித்தபோது, பழைய பேப்பரில் சில நட்டுகள் மிச்சமாகக் கிடந்தன. பளீல் அவற்றைத் திகிலோடு பார்த்தான். "அது வெள்ளைக்காரன் தேவையில்லாமப் போட்டது" என்று குமாரவேல் பேப்பரோடு சுருட்டி ஓரமாக வைத்தார். வெயில் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கத் தொடங்கியிருந்தது.

குமாரவேல் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார், ஸ்க்ரூட்ரைவர் சகிதம். லீவரை எடுத்துவிட்டதால் ஜீப் சத்தமே இல்லாமல் ஓடியது. கேகாலை தாண்டும்வரை, "பாத்தியா, எப்புடிப் போவுது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். பின்னாலிருந்தவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரம்புக்கனையில் கோச்சி போய்விட்டிருந்தது. அழுது முடித்தவர்கள் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு பெரியவர் அன்னலட்சுமியையும் அவள் கையிலிருந்த பொதியையும் பார்த்து, "ஒம் பேரு அன்னமாம்மா?" என்றார். அவள் தலையாட்டினாள். "ஒரு பொண்ணு ஜன்னல்ல தொங்கிக்கிட்டு அன்னம் அன்னம்னு கூப்புட்டுச்சு. கோச்சி நவுந்த பொறகும் கூப்புட்டுக்கிட்டே போச்சு" என்றார்.

குமாரவேல் எங்கே? மேட்டில் ஏறும் ரயில்களைப் பின்னாலிருந்து தள்ளுவதற்காக ஓர் எஞ்சின் அங்கே எப்போதும் நிற்கும். அதன் பக்கத்தில் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார். "உள்ளுக்கு ஒரு தட்டல் இருக்கு, கழட்டிப் பாக்குறது நல்லது" என்று எஞ்சின் டிரைவருக்குச் சிங்களத்தில் எடுத்துச் சொன்னார். டிரைவர் விசிலை இழுத்தார். அந்தக் காதுக்கு அன்று கிடைத்த ஒரே சன்மானம் அதுதான்.

திரும்பும்போது தூறல் பிடித்தது. "மழைடா தம்பி. நாலையும் போடு" என்றார் குமாரவேல். பளீல் லீவரைப் போட்டான். நாலைந்து வளைவு தாண்டியிருக்காது. அதே முனகல். அதே கடக், கடக். ஸ்டியரிங் கட்டை, லீவர் சிமெந்து. பளீல் வாயைத் திறக்குமுன் குமாரவேல் தொடங்கினார்: "நான் அப்பவே நெனைச்சேன், டிப்ரன்சலையும் சேத்து இறக்கியிருக்கணும்..."

ஒடுக்கமான ஒரு திருப்பத்தில் எதிரே பஸ் வந்தது. இடம் விட வழியில்லை. பளீல் ஜீப்பைப் பின்னால் எடுத்தான். ஒரு ஜீப் நீளம் போயிருக்கும். அடியில் டங்கென்று மெல்லிய ஓசை. லீவர் தானாகத் தளர்ந்தது. பளீல் அதை எடுத்துவிட்டு முன்னால் விட்டான். சத்தமே இல்லை.

அவ்வளவுதான் நோய். வளைவில் முன் சக்கரங்கள் ஓடும் தூரம் வேறு, பின் சக்கரங்கள் ஓடும் தூரம் வேறு. சேற்றில் சக்கரம் வழுக்கிக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். தாரில் வழுக்காது. ஆகவே நாலையும் பூட்டி ஓட்டினால், ஈரச் சேலையை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து முறுக்குவதுபோல உள்ளேயிருக்கும் தண்டுகள் முறுகிக்கொள்ளும். கொஞ்சம் பின்னால் எடுத்தால் முறுக்கு அவிழ்ந்துவிடும். இதற்கு ஸ்பெயார் பார்ட்ஸ் வேண்டாம், கலண்டர் வேண்டாம், லட்சுமியின் ஒளிவட்டம் வேண்டாம். காலையில் கடை வாசலில் எவனாவது வழிமறித்துப் பின்னால் போகச் சொல்லியிருந்தால்கூடப் போதும்.

"இவ்வளவுதானா?" என்றான் பளீல். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

"கியர்பொக்ஸை ஒருக்கா இறக்கி ஏத்தினபடியாத்தான்டா இப்ப இவ்வளவு லேசாக் கழண்டுச்சு" என்றார் குமாரவேல்.

பின்னாலிருந்து அன்னலட்சுமியின் குரல் வந்தது.

"அண்ணே."

"என்னம்மா?"

"ஒங்களுக்குக் காது நல்லாக் கேக்கும்னு சொல்றாங்களே."

"ஊரே சொல்லும்மா."

"எங்க அக்கா போற கோச்சி இப்ப எந்த எடத்துல போவுதுன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்."

பளீல் ஜீப்பை நிறுத்திவிட்டான். எஞ்சினையும் அணைத்தான். தூறலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. வேறு இனத்தைச் சேர்ந்த மனிதனாக இருந்தால் அந்த இடத்தில் இறங்கி நடந்தே ஊருக்குப் போயிருப்பான். குமாரவேல் தலையை ஒரு பக்கம் சாய்த்தார். ஒரு கண்ணை மூடினார். மௌனத்தையும் குறைவில்லாமல் அனுஷ்டித்தார்.

"பொல்காவலை தாண்டிருச்சும்மா" என்றார். "எஞ்சின்ல லேசா ஒரு தட்டல் இருக்கு."

அன்னலட்சுமி கருப்பட்டிப் பொதியைத் திறந்து, எறும்பு ஏறாத ஒரு வட்டைப் பளீலுக்குக் கொடுத்தாள். மிச்சத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டாள்.

அன்று கடை வாசலில் கூடி நின்று சிரித்தவர்கள் எல்லோரும் இன்று குமாரவேலைத்தான் திட்டுகிறார்கள், அவர் கடையில் சவர்க்காரம் வாங்கிக்கொண்டே. நீங்களும் இந்நேரம் திட்டியிருப்பீர்கள். திட்டுங்கள். ஆனால் ஒன்று. முனகலையும் கடக் கடக்கையும் நான் சொன்னபோது, உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேனே, அப்போது உங்கள் மனதுக்குள் ஒரு குரல், "இது கிளச்", "இது ஜொயின்ட்", "இது கட்டாயம் டிப்ரன்சல்" என்று ஏதாவது சொன்னதா இல்லையா? ஜீப்பைக் கண்ணால் காணாமல், காதாலும் கேளாமல், அச்சடித்த காகிதத்தைப் பார்த்தே சொல்லிவிட்டீர்கள். குமாரவேலுக்கு ஸ்க்ரூட்ரைவராவது வேண்டியிருந்தது.

"அதெல்லாம் இல்லை, லீவர்தான் காரணம் என்று எனக்கு முதலிலேயே தெரியும்" என்கிறவர் யாராவது இருக்கிறீர்களா? அப்படியானால் உங்களிடம் தனியாக ஒரு கேள்வி. பஸ் நின்றது, கண்டக்டர் பொறுத்தான், அவள் கால் மிதிபலகையில் இருந்தது. தெரிந்த நீங்கள் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருப்பீர்கள்.